பரிசுத்தம் என்றால் சுத்தமா?

எங்கள் சபை சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறது. ஓட்டுக் கூரை, இரண்டு மின்விசிறி, வாசலில் ஒரு வேப்பமரம். காலை ஆராதனைக்கு முன்னால் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி நடத்துவது என் பொறுப்பு. ஒரு வாரம் வேதாகமத்தில் ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகம் 6-ஆம் அதிகாரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஐந்தாவது படிக்கும் பையன் ஒருவன் கையைத் தூக்கினான்.

"ஏனுங்ணா, ஆண்டவர் பரிசுத்தர்னா அவருக்கு அழுக்கே படாதுங்களா?"

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, பதிலும் வரவில்லை. "ஆமா கண்ணு, அப்படித்தான்" என்று சமாளித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், பெரியவர்கள் நாமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கேட்க வெட்கப்படுகிறோம், அவ்வளவுதான்.

இந்தச் சொல்லை நாம் பாடாய்ப் படுத்துகிறோம். வெள்ளை வேட்டி கட்டினால் பரிசுத்தம், தோடு போடாவிட்டால் பரிசுத்தம், டிவியை மூலையில் திருப்பி வைத்தால் பரிசுத்தம் என்று ஒரு கூட்டம். "ஆண்டவர் நம்ம அப்பா, அவர்கிட்ட என்ன பயம், என்ன மரியாதை" என்று இன்னொரு கூட்டம். இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த இடம் எது என்று முதலில் பார்த்துவிடலாம்.

## சொல்லிலேயே இருக்கிற சிக்கல்

"பரிசுத்தம்" வடமொழியிலிருந்து வந்த சொல். சுத்தத்துக்கு முன்னால் "பரி" சேர்ந்தால் "முழுக்க முழுக்கச் சுத்தம்" என்று பொருள். 1995-இல் வந்த வேதாகமப் பொது மொழிபெயர்ப்பில், "பரிசுத்தர்" என்று வரும் இடத்தில் "தூயவர்" என்று இருக்கும். அதுவும் தூய்மை பக்கம்தான் நிற்கிறது. ஆக, தமிழில் வேதாகமம் வாசிக்கிற எவருக்கும் இந்தச் சொல்லைக் கேட்டதும் மனசில் வருவது சோப்புப் போட்டு வெளுத்த துணிதான். நம்மைக் குறை சொல்லிப் பயனில்லை.

பழைய ஏற்பாடு எழுதப்பட்ட எபிரெய மொழியில் அந்த இடத்தில் இருக்கும் சொல் "கதோஷ்". அதில் முதலில் தொனிப்பது "தனியாக எடுத்து வைக்கப்பட்டது", "மற்றதிலிருந்து வேறானது" என்ற பொருள். சுத்தம் அதன் பின்னால் வரும், ஆனால் பின்னால்தான் வரும்.

வேதாகமத்தில் முதன்முதலாகப் பரிசுத்தமாக்கப்பட்டது எது தெரியுமா? ஒரு இடமோ, ஆளோ, பாத்திரமோ இல்லை. ஒரு நாள். ஆதியாகமம் 2-ஆம் அதிகாரத்தில் தேவன் ஏழாம் நாளைப் பரிசுத்தமாக்கினார் என்று வருகிறது. நாளைக் கழுவ முடியாது, துடைக்க முடியாது. மற்ற ஆறு நாளிலும் அழுக்கு இருந்தது என்றும் சொல்லியிருக்கவில்லை. அந்த ஒரு நாளை எடுத்துத் தனியே வைத்தார். அந்தப் பையனுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

## விதை மஞ்சள்

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தைக்குப் போகும் மஞ்சளைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். நான் சொல்ல வருவது சந்தைக்குப் போகாத மஞ்சளைப் பற்றி.

மஞ்சள் வெட்டியதும் கிழங்கைக் குவித்து, விரலியைத் தனியாக, குண்டைத் தனியாகப் பிரிப்பார்கள். பிறகு வேக வைப்பது, காய வைப்பது, மெருகேற்றுவது, மூட்டை பிடிப்பது. ஆனால் வேக வைக்கப் போவதற்கு முன்னால் ஒரு வேலை நடக்கும். வீட்டில் மூத்தவர் ஒருவர் குவியல் முன்னால் உட்கார்ந்து, நல்ல கிழங்காகப் பார்த்துப் பார்த்து ஒதுக்குவார். அது விதைக்கு. நிழலில் குவித்து, மேலே காய்ந்த மஞ்சள் இலையைப் போட்டு மூடிவிடுவார்கள். வைகாசி, ஆனி வரைக்கும் அது அங்கேயே கிடக்கும்.

கவனித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே காட்டில் விளைந்தவை, ஒரே நாளில் வெட்டியவை. சொல்லப்போனால் வேக வைத்து மெருகேற்றியது பளபளவென்று இருக்கும், விதை மஞ்சளில் மண்தான் ஒட்டியிருக்கும். "எது சுத்தம்?" என்று கேட்டால் சந்தை மஞ்சளைத்தான் கைகாட்ட வேண்டும். ஆனால் விலை ஏறிவிட்டது என்று யாராவது விதைக் குவியலில் கை வைத்தால் எங்கள் பாட்டி கையை ஒடித்திருப்பார். ஒருமுறை கொதிக்கிற தண்ணீருக்குள் போய் வந்த கிழங்கு முளைக்காது. ஒதுக்கி வைத்தது எதற்காகவோ, அதற்கு மட்டும்தான்.

இன்னொரு உதாரணமும் நமக்குப் பழக்கமானதுதான். சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாய். அதை யாரும் விற்க மாட்டார்கள், அடிக்க மாட்டார்கள். யார் காட்டில் மேய்ந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள். மற்ற ஆட்டைவிட அதற்குக் கொம்பு ஒன்றும் கூடுதல் இல்லை. யாருடையது என்பதுதான் வித்தியாசம். (வேலைவெட்டி இல்லாமல் ஊர் சுற்றுகிறவனைப் பார்த்து "இவனை நேந்து விட்டிருக்குது" என்கிறோமே, அது வேறு கதை.)

ஒரு பொருளோ நாளோ ஆளோ பரிசுத்தம் என்றால், கடவுளுக்கென்று தனியே எடுத்து வைக்கப்பட்டது என்று பொருள். இதுவரை இவ்வளவு போதும்.

## அப்படியானால் கடவுள் யாருக்காக ஒதுக்கப்பட்டவர்?

இங்கேதான் உதாரணம் தீர்ந்துபோகிறது. மஞ்சள் விதைக்காக, கிடாய் சாமிக்காக. கடவுள் பரிசுத்தர் என்றால்? அவரை யாரும் எதற்காகவும் ஒதுக்கி வைக்கவில்லை. மற்ற எல்லாவற்றிலிருந்தும் அவர் தாமாகவே வேறாக இருக்கிறார். பெரிய மனிதர், ரொம்பப் பெரிய மனிதர், அதைவிடப் பெரியவர் என்று ஏணி வைத்து ஏறிப்போனால் உச்சியில் கிடைப்பவர் அல்ல. அந்த ஏணியிலேயே அவர் இல்லை. இந்த "வேறாக இருத்தல்"தான் கடவுளின் பரிசுத்தம்.

ஏசாயா கண்ட காட்சியில் சேராபீன்கள் என்னும் தேவதூதர்கள் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஆறு சிறகு. அவர்கள் ஒருவரையொருவர் நோக்கி, "சேனைகளின் கர்த்தர் பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்" என்று கூப்பிடுகிறார்கள். "மெல்ல மெல்ல", "சின்னச் சின்ன" என்று நாம் அழுத்துவதற்குச் சொல்லை அடுக்குகிறோம் இல்லையா, எபிரெயரும் அப்படித்தான். ஆனால் கடவுளின் வேறு எந்தக் குணத்தையும் வேதாகமம் மூன்று முறை அடுக்குவதில்லை. அன்பு, அன்பு, அன்பு என்று இல்லை. வல்லமை, வல்லமை, வல்லமை என்றும் இல்லை.

அந்த ஆறு சிறகில் பறப்பதற்கு இரண்டுதான். இரண்டால் முகத்தை மூடிக்கொள்கிறார்கள், இரண்டால் கால்களை மூடிக்கொள்கிறார்கள். நான் பல வருஷம் இதைச் சும்மா வாசித்துத் தாண்டியிருக்கிறேன். அந்தப் பையன் கேட்ட பிறகுதான் உறைத்தது: சேராபீன்கள் செய்த பாவம் ஒன்றும் அங்கே சொல்லப்படவில்லையே! அவர்களிடம் மறைக்க அழுக்கு எதுவும் இல்லை. அப்புறம் எதற்கு முகத்தை மூடுகிறார்கள்? பரிசுத்தம் என்பது வெறும் சுத்தமாக இருந்தால், சுத்தமானவர்கள் சுத்தமானவர் முன்னால் நிமிர்ந்து நிற்கலாமே. மூடுகிறார்கள் என்றால், அவர்கள் படைக்கப்பட்டவர்கள், அவர் படைத்தவர் என்பதற்காக. அந்த இடைவெளியைக் குளித்துச் சரிசெய்ய முடியாது.

மனிதனுக்கு இந்த இடைவெளியோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. அதே காட்சியில் ஏசாயா, "ஐயோ! அதமானேன், நான் அசுத்த உதடுகளுள்ள மனுஷன்" என்று அலறுகிறார். தீர்க்கதரிசியின் தொழிலே பேசுவது, அவரிடம் இருந்த கருவியே உதடுதான். தன்னிடம் எது ரொம்ப நன்றாக இருக்கிறது என்று நினைத்திருப்பாரோ அதிலேயே கறை தெரிகிறது. சுத்தம் என்ற விஷயம் கதைக்குள் வருவது இந்த இடத்தில்தான். அவரோ தானே கழுவிக்கொள்ளவில்லை. பலிபீடத்திலிருந்து எடுத்த நெருப்புத் தழலால் ஒரு சேராபீன் அவர் வாயைத் தொடுகிறது. பக்கத்தில் வந்ததால் தெரிந்தது, தெரிந்ததால் சுத்திகரிக்கப்பட்டது. நாமோ முதலில் சுத்தமாகிவிட்டுப் பிறகு பக்கத்தில் போகலாம் என்று வரிசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, சபைக்கு வராமலே காலம் தள்ளுகிறோம்.

## பயமா, பக்தியா?

சரி, இந்தப் பரிசுத்தத்துக்கு முன்னால் மனிதன் எப்படி நிற்க வேண்டும்? வேதாகமம் "கர்த்தருக்குப் பயப்படுதல்" என்கிறது. சபைகளில் இதை "தேவபயம்" என்போம். இந்தச் சொல்லும் நம்மிடம் சிக்கிச் சின்னாபின்னமாகிவிட்டது. "சாமி கண்ணைக் குத்தும்" என்று பிள்ளைகளை மிரட்டிய பயம்தான் ஞாபகம் வருகிறது.

எங்கள் பக்கம் கிணறுகள் ஆழம். பாறையை வெட்டி இறக்கிய கிணறுகள், உள்ளே எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும். எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர் என் தாத்தா. இடுப்பில் கயிற்றைக் கட்டி, படியில் நின்றுகொண்டு என்னை இறக்கிவிட்டார். அவருக்குத் தண்ணீர் என்றால் உயிர், எழுபது வயதிலும் மேலிருந்து குதிப்பார். ஆனால் குதிப்பதற்கு முன்னால் படியில் இறங்கி, ஒரு கை தண்ணீரை அள்ளித் தலையில் தொட்டுக்கொள்வார். மழைக்குப் பின்னால் கலங்கிய தண்ணீரில் இறங்க மாட்டார். குடித்துவிட்டு வந்தவனைக் கிணற்று மேட்டுக்கே ஏற விட மாட்டார்.

அவருக்குக் கிணற்றைக் கண்டு பயமா? நீச்சல் தெரியாத எங்கள் பெரியம்மாவுக்குத்தான் பயம். அவர் கிணற்றுப் பக்கமே வர மாட்டார். தாத்தாவுக்கு இருந்தது வேறு. தண்ணீரை ரொம்ப நேசித்தவர், அதனாலேயே அதனிடம் விளையாட்டுக் காட்டாதவர். பவானி ஆற்றுக் கொடிவேரி அணையில் அலட்சியமாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் வெளியூரிலிருந்து வருகிறவர்களாக இருப்பார்கள். பவானிக் கரையில் பிறந்தவனுக்கு ஆற்றின் குணம் தெரியும்.

மிரட்சி விலகி ஓட வைக்கும். தேவபயம் பக்கத்தில் வரவும் வைக்கும், பார்த்து வரவும் வைக்கும். யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தில், சீனாய் மலை புகைந்துகொண்டிருக்கும்போது மோசே ஜனங்களிடம் ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறார்: பயப்படாதிருங்கள், நீங்கள் பாவம் செய்யாதபடி அவரைப்பற்றிய பயம் உங்கள் முன்னால் இருக்க வேண்டும். பயப்படாதே என்றும் பயம் வேண்டும் என்றும் ஒரே வாக்கியத்தில். பெரியம்மாவின் பயம் வேண்டாம், தாத்தாவின் பயம் வேண்டும்.

## கிழிந்த திரை

"அதெல்லாம் பழைய ஏற்பாடு, இப்போது திரை கிழிந்துவிட்டது" என்று சிலர் சொல்வார்கள். அது என்ன திரை என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

அவிநாசிக்கோ பவானிக் கூடுதுறைக்கோ போனவர்களுக்குக் கோயிலின் அமைப்பு தெரியும். வெளிப் பிராகாரம், மண்டபம், உள்ளே கருவறை. உள்ளே போகப் போக ஆட்கள் குறைவார்கள். இஸ்ரவேலரின் ஆலயமும் மூன்று கட்டுதான். பிராகாரம், அடுத்து ஆசாரியர்கள் மட்டும் நுழையும் பரிசுத்த ஸ்தலம், கடைசியில் மகா பரிசுத்த ஸ்தலம். அந்தக் கடைசிக் கட்டுக்குள் பிரதான ஆசாரியர் ஒருவர், வருஷத்தில் ஒரே ஒரு நாள் மட்டும், பலியின் இரத்தத்தோடு போவார். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே தொங்கியதுதான் திரை. இயேசு சிலுவையில் உயிர்விட்டபோது அது "மேல்தொடங்கிக் கீழ்வரைக்கும் இரண்டாகக் கிழிந்தது" என்று மத்தேயு எழுதுகிறார். மேலிருந்து கிழிந்தது என்பதால், கிழித்தது மனிதக் கை இல்லை.

திரை கிழிந்ததும் உள்ளே இருந்தவரின் பரிசுத்தம் குறைந்துவிட்டதா? வழி திறந்தது. அவ்வளவுதான் நடந்தது. எபிரெயர் நிருபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 4-ஆம் அதிகாரத்தில் கிருபாசனத்தண்டைக்கு, அதாவது கடவுளின் அருள் சிங்காசனத்துக்குப் பக்கத்தில், "தைரியமாய்" வாருங்கள் என்கிறது. அதே நிருபம் 12-ஆம் அதிகாரத்தில் "பயத்தோடும் பக்தியோடும்" ஆராதனை செய்யச் சொல்லி, நம்முடைய தேவன் பட்சிக்கிற அக்கினி என்று முடிக்கிறது. ஒரே கை எழுதிய ஒரே கடிதம். தைரியம் ஒருத்தருக்கு, பயம் இன்னொருத்தருக்கு என்று பங்கு பிரிக்க அங்கே இடமில்லை.

## ஆராதனையில் இது எப்படித் தெரியும்?

கொங்குத் தமிழ் மரியாதைக்குப் பேர்போனது. "வாங்க", "சொல்லுங்க", "ஏனுங்க" என்று வாய்க்கு வாய் "ங்க" போடுவோம். தொட்டில் குழந்தையைக் கூட "என்ர சாமி, வாங்க" என்று கொஞ்சுகிற ஊர் இது. ஆனால் ஜெபத்தில் கண்ணை மூடியதும் எங்கள் வாயில் வருவது "நீங்க" அல்ல, "நீர்". "நீர் நல்லவர்", "உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக".

தெற்கே திருநெல்வேலிப் பக்கம் "நீரு", "வாரும்" எல்லாம் வீதிப் பேச்சிலேயே உண்டு. எங்கள் பக்கம் வீட்டில், சந்தையில், பஸ்ஸில் எங்கும் "நீர்" கிடையாது. எங்கள் பிள்ளைகள் அந்தச் சொல்லைக் கேட்பது சபையில்தான், பேசுவது கடவுளிடம் மட்டும்தான். மொழிபெயர்த்தவர்கள் எங்களை மனதில் வைத்து அதைப் போட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் எங்கள் வாயில் அது விதை மஞ்சளாக ஒதுங்கிவிட்டது. "நீங்க" என்று ஜெபித்தால் தப்பா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். தப்பில்லை. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இழக்க வேண்டாம் என்பேன்.

செருப்பும் அப்படித்தான். எரியும் முட்செடியின் முன்னால் மோசேயிடம், "உன் கால்களில் இருக்கிற பாதரட்சையைக் கழற்றிப்போடு, நீ நிற்கிற இடம் பரிசுத்த பூமி" என்று சொல்லப்பட்டது. எங்கள் கிராமத்துச் சபைகளில் செருப்பை வாசலில்தான் விடுவோம். கோயம்புத்தூரில் பெரிய ஆலயங்களில் ஷூவோடு உள்ளே போகிறார்கள். கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை ஆலயத்துக்குப் போனால் ஒரு முழங்காலை ஊன்றி எழுகிறார்கள். பெந்தெகொஸ்தே சபையில் கையைத் தட்டிச் சத்தமாகத் துதிக்கிறார்கள். உடலுக்கு ஒரு பாஷை வேண்டும், எந்தப் பாஷை என்பது ஊர் வழக்கம். சத்தமாக இருந்தால் பயபக்தி இல்லை என்று சொல்லிவிட முடியாது. சங்கீதக்காரன் கைத்தாளம் கொட்டச் சொல்கிறான், அமர்ந்திருக்கவும் சொல்கிறான்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. நான் சில மாதம் காணிக்கை எண்ணும் வேலையில் இருந்தேன். பையைக் கவிழ்த்தால் ஒவ்வொரு வாரமும் இரண்டு மூன்று நோட்டுகள் தனியாகத் தெரியும். நடுவில் கிழிந்து டேப் ஒட்டியவை, மூலை போனவை, எண்ணெய் ஊறியவை. மளிகைக் கடையில் கொடுத்துப் பார்த்து, பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துப் பார்த்து, எங்கும் போகாமல் கடைசியில் காணிக்கைப் பைக்கு வந்தவை. மல்கியா தீர்க்கதரிசியின் காலத்தில் ஜனங்கள் குருட்டு ஆட்டையும் நொண்டி ஆட்டையும் பலிக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு அவர் கேட்ட கேள்வி: இதையே உன் அதிபதிக்குக் கொண்டுபோய்க் கொடு பார்க்கலாம், அவன் வாங்கிக்கொள்வானா? கிழிந்த பத்து ரூபாயைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நொண்டி ஆடு ஞாபகம் வரும். பத்து ரூபாய் சின்னத் தொகை என்பது பிரச்சினையே இல்லை, இயேசு பாராட்டிய ஏழை விதவை இரண்டு காசுதான் போட்டாள். மிஞ்சியதைக் கொடுப்பதுதான் பிரச்சினை. கையில் மிஞ்சியதை விதைக்கு வைக்கிற விவசாயி உண்டா?

## லேவியராகமம் 19: தராசும் கூலியும்

ஆராதனைக்கு ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். மிச்ச வாரம்?

"நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்" என்ற புகழ்பெற்ற கட்டளை லேவியராகமம் 19-இன் தொடக்கத்தில் இருக்கிறது. காலண்டரில் போட்டிருப்பார்கள், சுவரில் எழுதியிருப்பார்கள். அடுத்து என்ன வருகிறது என்று எவரும் எழுதி மாட்டுவதில்லை. வரிசையாகப் பாருங்கள். தாய்தகப்பனுக்குப் பயந்திரு. வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அது ஏழைக்கும் பரதேசிக்கும். (கடலைக்காய் பிடுங்கிய காட்டில் விட்டுப்போனதைப் பொறுக்க வருகிறவர்களை விரட்டாமல் விடுவார்களே, அதே விஷயம்.) களவு செய்யாதே. செவிடனைத் திட்டாதே. குருடன் முன்னால் தடுக்கலை வைக்காதே. நரைத்தவர் முன்னால் எழுந்து நில். சரியான தராசு, சரியான நிறைகல், சரியான படி வைத்துக்கொள். பரிசுத்தம் என்று தொடங்கிய அதிகாரம் மஞ்சள் மண்டிக்கும் மளிகைக் கடைக்கும் வந்து நிற்கிறது.

செவிடன் விஷயத்தில் கொஞ்சம் நின்று போவோம். காது கேளாதவரைத் திட்டினால் அவருக்குக் கேட்காது. பார்வையில்லாதவர் வழியில் கல்லை வைத்தால் வைத்தவர் யாரென்று அவருக்குத் தெரியாது. புகார் வராது, சாட்சி கிடையாது. அந்த இடத்தில்தான் "உன் தேவனுக்குப் பயந்திருப்பாயாக" என்று முடிகிறது அந்த வசனம். தேவபயம் வேலை செய்ய வேண்டிய இடம் இது. போலீஸ் பயம், ஊர் பயம், கேமரா பயம் எல்லாம் ஓய்ந்துபோன இடம்.

பண்ணாரி அம்மன் கோயிலில் குண்டம் இறங்க, அதாவது தீ மிதிக்க, விரதமிருக்கும் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்திருக்கிறேன். காப்புக் கட்டிய பிறகும் அதே தறியைத்தான் ஓட்டுகிறார், அதே டீக்கடைக்குத்தான் வருகிறார். ஆனால் வாயில் கெட்ட வார்த்தை வராது. வம்புக்கு இழுத்தால், "காப்புக் கட்டியிருக்கேனுங்க" என்று மணிக்கட்டைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். ஒதுக்கப்பட்ட ஆள் என்றால் என்ன என்பதற்கு நான் கண்ணால் கண்ட நல்ல உதாரணம் அது. அவருடைய காப்பு திருவிழா முடிந்ததும் அவிழ்ந்துவிடும். ஞானஸ்நானம் அவிழ்க்காத காப்பு. பவுல் தம் கடிதங்களில் சாதாரண விசுவாசிகளைப் "பரிசுத்தவான்கள்" என்று அழைப்பதும் இந்த அர்த்தத்தில்தான். தப்பே செய்யாதவர்கள் என்றல்ல, கடவுளுக்கென்று எடுத்து வைக்கப்பட்டவர்கள் என்று.

## ஒரு தேங்காயின் கதை

மேலே சொன்ன பட்டியலில் வேண்டுமென்றே ஒன்றை விட்டுவிட்டேன். 13-ஆம் வசனம்: "கூலிக்காரனுடைய கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது."

சில வருஷம் முன்பு திருப்பூரில் எட்டு மெஷின் போட்டு, பனியன் தையல் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்துகொண்டிருந்தேன். அங்கே சம்பளம் சனிக்கிழமை சாயங்காலம். எனக்கு வேலை கொடுத்த கம்பெனியில் பில் பாஸாகாமல் இழுத்தது. நானும் ஆட்களுக்குப் பாதி கொடுத்துவிட்டு, "மீதி அடுத்த வாரமுங்க" என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். மூன்றாவது வாரம் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை.

அறுப்பின் பண்டிகை ஏலத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும். பூசணிக்காய், சேவல், வாழைத்தார் என்று காணிக்கையாக வந்ததை ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். ஒருவருக்கொருவர் போட்டி போட்டு ஏற்றிவிடுவது ஒரு சந்தோஷம். அன்றைக்கு ஒரு தேங்காய்க்கு நானும் இன்னொருவரும் மோதினோம். 1,200 ரூபாய்க்கு நான் எடுத்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அதே இடத்தில் நின்று "பரிசுத்தர், பரிசுத்தர்" என்று கண்ணை மூடிப் பாடியிருந்தேன். உருகித்தான் பாடினேன், பொய்யில்லை.

என்னிடம் ஓவர்லாக் மெஷினில் இருந்த ஒரு அக்கா எங்கள் சபைதான். பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை காலையில் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, என்னை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்:

"தேங்காய் நல்லா இருந்துச்சுங்களா?"

வேறெதுவும் சொல்லவில்லை. அவருக்கு நான் தர வேண்டிய பாக்கி 1,150 ரூபாய்.

அன்று மத்தியானமே மனைவியின் வளையலை அடகு வைத்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் எனக்கு வியாழக்கிழமை வரை ஆயிற்று. கம்பெனி கொடுக்காததற்கு நான் என்ன செய்வேன் என்று மூன்று நாள் எனக்கு நானே வாதாடிக்கொண்டிருந்தேன். அந்த வசனத்தில் "உனக்கு வர வேண்டியது வந்திருந்தால்" என்று ஒரு சொல்லும் இல்லை, தேடிப் பார்த்தேன்.

## குதிரை மணி

ஞாயிறு பள்ளியில் கேள்வி கேட்ட அந்தப் பையனுக்கு, அவன் கேட்டு இரண்டு வாரம் கழித்துப் பதில் சொல்லப் போனேன். விதை மஞ்சள் கதை அவனுக்கு உடனே புரிந்தது, அவன் வீட்டிலேயே அது இருக்கிறது. அப்புறம் ஒரு விஷயம் காட்டினேன். பிரதான ஆசாரியரின் தலைப்பாகையில், நெற்றிக்கு நேரே ஒரு பசும்பொன் தகடு இருக்கும். அதில் "கர்த்தருக்குப் பரிசுத்தம்" என்று வெட்டியிருக்க வேண்டும் என்பது யாத்திராகமம் 28-இல் உள்ள கட்டளை. தேசத்திலேயே ஒருவர் நெற்றியில் மட்டும் இருந்த எழுத்து. சகரியா தீர்க்கதரிசி தம் புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில், வரப்போகிற ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறார். அந்த நாளில் அதே எழுத்து குதிரைகளின் மணிகளில் இருக்குமாம். எருசலேமிலும் யூதாவிலும் உள்ள ஒவ்வொரு சமையல் பானையும் கர்த்தருக்குப் பரிசுத்தமாக இருக்குமாம்.

பையன் வீட்டில் குதிரை இல்லை, ஒரு ஜோடி காங்கேயம் காளை இருக்கிறது.

"அப்பொ எங்க மாட்டுச் சலங்கையிலயும் எழுதலாமுங்களா?"

"எழுதலாமே."

கொஞ்ச நேரம் விரலை மடக்கி மடக்கி எழுத்துகளை எண்ணிப் பார்த்தான்.

"சலங்கையில எடம் பத்தாதுங்ணா. பொங்கலுக்குக் கொம்புக்குப் பெயின்ட் அடிப்போமில்லீங்க, அப்ப வேணா கொம்புல எழுதிக்கலாம்."